ஆறு ஊர் வேண்டாம், நான்கு போதும்: அம்மாவுடன் ஜப்பான் போகும் வாசகிக்கு

கடிதத்தின் சுருக்கம்

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 36, வங்கியில் வேலை. அவருடைய அம்மா 63 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மாவின் பிறந்த வீடு உறையூரில் தறி வைத்திருந்த குடும்பம். ஜப்பானியப் பட்டு நெசவைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தேநீர்ச் சடங்கில் ஒருமுறை உட்கார வேண்டும், ஒரு மடத்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கைவசம் 12 நாள் விடுப்பு. செர்ரிப் பூவுக்காக ஏப்ரல் முதல் வாரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் 11 இரவுக்குள் டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா என ஆறு ஊர்கள். தேநீருக்கு 45 நிமிடம். நெசவும் மடமும் இல்லவே இல்லை. இருவருக்கும் 7 நாள் ரயில் பாஸ் சேர்த்திருக்கிறார். முன்பணம் 50,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலின் பேனாவும். "தேநீர்ச் சடங்கை விட்டுவிட வேண்டியதுதானா? கெய்ஷாவைச் சந்திக்க ஏற்பாடு செய்ய முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பாஸ் லாபமா? கட்டிய பணம் திரும்புமா?" என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த ஆறு ஊர்க் கணக்கைப் பார்ப்போம். ஜப்பானிய ஹோட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் மதியம் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த அரை நாள் என்பது ரயில் நிலையப் படிக்கட்டும், பெட்டி இழுப்பதும், லாபியில் காத்திருப்பதும்தான். அம்மாவின் மூன்று ஆசைகளில் எதுவும் ஹகோனேயிலோ ஹிரோஷிமாவிலோ இல்லை. நல்ல ஊர்கள்தாம், இந்தப் பயணத்துக்கு உரியவை அல்ல.

அம்மா பார்க்க விரும்புகிறவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட நேரத்தில், முன்கூட்டியே சொல்லி வைத்தவருக்காக நடப்பவை. அந்த ஊருக்குப் போய் நின்றால் மட்டும் அவை கிடைத்துவிடாது. நெசவுப் பட்டறையில் அன்று தறியில் ஆள் இருக்க வேண்டும். மடத்தில் சமையலுக்கு முன்னாலேயே தகவல் போயிருக்க வேண்டும். தேநீர் ஆசிரியர் உங்கள் இருவருக்காக நாற்காலி போட்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே இந்த நாள்களை முதலில் நிலைநிறுத்துங்கள். தங்கும் ஊரும் ரயிலும் அவற்றுக்குப் பின்னால் தாமாக அமையும்.

ஏப்ரலுக்குப் பதில் மே நடுப்பகுதி

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரிப் பூ பெரும்பாலும் மார்ச் கடைசியில் விரிந்து ஏப்ரல் முதல் வாரத்தோடு முடியும். முழுப் பூவாக நிற்பது ஒரு வாரம். மழையும் காற்றும் வந்தால் அதற்கும் குறைவு. நீங்கள் விமான டிக்கெட் வாங்கும்போது அந்த வாரம் எது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஹோட்டல் வாடகை ஏறியிருக்கும் என்பதும் கியோட்டோ நகரப் பேருந்தில் ஏற இடமிருக்காது என்பதும் உறுதி. பூவுக்காகவே போகிறவர்கள் அதைத் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்குப் பூ ஒரு உபரி மகிழ்ச்சிதான், அதற்காக முழங்காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

மே 14 முதல் 25 வரை பாருங்கள். ஏப்ரல் 29-இல் தொடங்கி மே 5 அல்லது 6 வரை நீளும் 'கோல்டன் வீக்' விடுமுறைக் கூட்டம் அதற்குள் தணிந்திருக்கும். மழைக்காலம் அந்தப் பகுதியில் பொதுவாக ஜூனில்தான் பிடிக்கும். கியோட்டோவை அடுத்த உஜியில் புதுத் தேயிலை பறிக்கும் பருவம் அது. மட்சா எனும் பச்சைத் தேயிலைப் பொடிக்கான இலையை வெயில் படாமல் பந்தலுக்குள் வளர்த்துப் பறிப்பதைக் காணலாம். டோக்கியோவில் மே மாத சுமோ போட்டி நடந்துகொண்டிருக்கும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 15 நாள் நடப்பது அது. டிக்கெட் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் விற்பனைக்கு வந்து சீக்கிரம் தீரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மே 21. கியோட்டோவின் தோஜி கோயில் வளாகத்தில் ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி பெரிய சந்தை கூடும். பழைய கிமோனோ, ஒபி எனப்படும் இடைப்பட்டை, துண்டுத் துணிகள், நூல்கண்டுகள் எல்லாம் தரையில் குவிந்து கிடக்கும். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அங்கே ஒரு காலை நேரம் போதாது. அதே கோயிலின் விரிவுரை மண்டபத்துக்குள் 839-இல் நிறுவப்பட்ட சிலைத் தொகுதி இருக்கிறது. அதில் யானைமேல் அமர்ந்த தைஷாகுதென் நம் இந்திரன். நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரைமேல் அமர்ந்த பொன்தென் நம் பிரம்மா. வழிகாட்டி இல்லாமலேயே அம்மா அடையாளம் கண்டுவிடுவார்.

இதை வைத்து அமையும் வரிசை இதுதான்: டோக்கியோவில் 3 இரவு (14, 15, 16), கியோட்டோவில் 6 இரவு (17 முதல் 22 வரை), கோயாசான் மலையில் 1 இரவு (23), ஒசாகாவில் 1 இரவு (24), மறுநாள் கான்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புவது. கடைசி இரவை மலையில் வைக்காதீர்கள். கனமழை பெய்தால் மலை ரயில் நிற்கும். விமானம் உங்களுக்காக நிற்காது. ஒசாகா இரவு அந்தப் பாதுகாப்புக்குத்தான். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறும் டிக்கெட்டாகக் கேளுங்கள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகப் போகலாம். ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா தேவைப்படலாம். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரே டிக்கெட்டில், பெட்டி கடைசி ஊர் வரை போகும்படி வாங்குங்கள்.

நெசவு

ஏஜென்ட் விட்டுவிட்ட இதைத்தான் நான் பயணத்தின் நடுவில் வைப்பேன். கியோட்டோவின் வடமேற்கில் இருக்கும் நிஷிஜின், பட்டு ஒபிக்குப் பேர்போன நெசவாளர் பகுதி. துளையட்டைகளைக் கொண்டு வடிவம் நெய்யும் ஜக்கார்ட் தறி இங்கே வந்ததற்குத் தெளிவான வரலாறு உண்டு: 1872-இல் கியோட்டோ நிர்வாகம் மூன்று பேரை பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பிக் கற்றுவரச் செய்தது. உறையூரிலும் காஞ்சியிலும் பார்த்த அதே துளையட்டைகள் தலைக்குமேல் தொங்குவதைப் பார்த்தால் அம்மாவுக்கு மொழி தேவைப்படாது.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, 'சுஸுரே' என்ற கைநெசவு. இதில் நெசவாளர் தம் நகத்தின் நுனியை ரம்பப் பல்போல அரத்தால் தேய்த்து வைத்திருப்பார். பாவுக்கு இடையே ஊடை நூலை வண்ணம் வண்ணமாகச் செருகி, அந்த நகத்தாலேயே இழுத்து நெருக்குவார். நுண்ணிய வடிவமானால் ஒரு நாள் முழுக்க உழைத்தும் சில சென்டிமீட்டர்தான் நகரும். மற்றொன்று, அவர்களுடைய பொன் இழை. நம் ஊர் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி இருக்கும். அங்கே கைக்காகிதத்தில் அரக்கு பூசி, அதன்மேல் பொன் தகடு ஒட்டி, அந்தக் காகிதத்தை மயிரிழையாகச் சீவி, ஒவ்வோர் இழையாக மூங்கில் கொக்கியால் பாவுக்குள் இழுப்பார்கள். பக்கம் புரளாமல் இழுக்க வேண்டும். புரண்டால் பொன்னுக்குப் பதில் காகிதம் தெரியும்.

நிஷிஜினில் ஒரினாசு-கான் என்ற சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒபி தயாரித்த ஒரு குடும்பத்தின் பழைய வீடு. கைத்தறியில் உட்கார்ந்து நெய்து பார்க்கவும் முன்பதிவின் பேரில் ஏற்பாடு உண்டு. தறியில் பெஞ்சு உயரத்தில் உட்காரலாம் என்றாலும் மிதியை மிதிக்க முழங்கால் மடங்கும், அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது போன்ற இடங்களுக்குத் திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. தனியார் பட்டறைக்குப் போனால் தறியில் இருக்கும் வடிவத்தைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அது இன்னும் விற்பனைக்கு வராத ஒருவருடைய ஆர்டராக இருக்கலாம்.

இந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். முழு நாளுக்கு 35,000 முதல் 50,000 யென் ஆகும். செலவுதான், ஆனால் அம்மா கேட்கப்போகும் கேள்விகள் மொழிபெயர்ப்புச் செயலிக்குள் அடங்காதவை. 2018-இல் சட்டம் மாறியபின் உரிமம் இல்லாதவரும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம் என்பதால், உரிமம் உண்டா, நெசவு பற்றிப் பேசிய அனுபவம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். கியோட்டோவிலிருந்து பகலில் போய்வரக்கூடிய நாரா போன்ற ஊர்களில் தன்னார்வ வழிகாட்டிக் குழுக்கள் உண்டு. சம்பளம் கிடையாது, அவருடைய பயணச் செலவு, நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு உங்களுடையது. இரண்டு மூன்று வாரம் முன்பே எழுத வேண்டும். நாராவில் தோதாய்-ஜி பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண்திறப்புச் சடங்கு செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

சந்தையில் வாங்குவது பற்றியும் ஒரு சொல். கிமோனோத் துணி ஏறக்குறைய 36–38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள சுருள். புடவையாகாது, ரவிக்கை, துப்பட்டா, சுவரில் தொங்கவிடும் துணிக்குச் சரி. ஒபி வாங்கினால் முழுவதும் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக் கோட்டில் பொன் இழை உதிர்ந்திருக்கும். பூஞ்சை வாசனை இருந்தால் அது போகாது. சந்தையில் மெதுவாக விலை கேட்டுப் பார்க்கலாம், கடைகளில் பேரம் பேசுவது வழக்கமில்லை.

தேநீர்: முழங்கால் தடையில்லை

தரையில் மண்டியிட முடியாதவருக்குத் தேநீர்ச் சடங்கு இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். மேசையும் முக்காலியும் வைத்து நடத்தும் முறை 150 ஆண்டுகளாக இருக்கிறது. பெயர் 'ரியூரெய்'. 1872 கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே என்ற தேநீர் மரபின் பதினொன்றாம் தலைவர் கென்கென்சாய் வகுத்தது. பிற்காலத்தில் சுற்றுலாவுக்காகச் செய்துகொண்ட குறுக்குவழி இல்லை. மரபுக்குள்ளேயே முழு அங்கீகாரம் பெற்றது. முன்பதிவுக் கடிதத்தில் 'ரியூரெய் முறையில் வேண்டும்' என்று இந்தச் சொல்லையே எழுதுங்கள். வெறுமனே நாற்காலி என்று கேட்டால் மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அம்மா பார்வையாளராகிவிடுவார்.

உங்கள் ஏஜென்ட் வைத்திருக்கும் 45 நிமிடக் குழு நிகழ்ச்சி ஆளுக்குச் சுமார் 3,000 யென். இருபது பேர் வரிசையில் கிண்ணம் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு வரலாம், கற்க நேரமிருக்காது. அதற்கு எதிர்முனையில் 'சாஜி' என்ற முழு விருந்து இருக்கிறது. உணவோடு நான்கு மணி நேரம். முதல் முறை வருகிறவருக்கு அது மிகையானது, உடம்புக்கும் கடினம். நடுவழியாக ஓர் ஆசிரியர் வீட்டிலோ சிறு கூடத்திலோ உங்கள் இருவருக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கேளுங்கள். ஆளுக்கு 8,000 முதல் 15,000 யென் ஆகும். உஜியில் பியோதோ-இன் கோயிலை ஒட்டி நகராட்சியே நடத்தும் தைஹோஅன் தேநீர் இல்லத்துக்கு வேறொரு நாள் போய்வாருங்கள். முதல் வகுப்பில் கற்றதை அங்கே தயக்கமில்லாமல் செய்து பார்க்கலாம்.

போகும் நாளில் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கிண்ணம் சில வேளை நூற்றாண்டுப் பழமையானது. கீறல் விழுந்தால் ஈடில்லை. மல்லிகைப் பூவும் சென்டும் அன்றைக்கு வேண்டாம், அந்த அறையின் மெல்லிய அகில் மணத்தை அவை மூடிவிடும். புடவை தாராளமாகக் கட்டலாம். வெள்ளைக் காலுறை கொண்டுபோய் வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். இனிப்பை முழுவதும் சாப்பிட்ட பிறகுதான் தேநீர். இரண்டையும் மாறி மாறிச் சுவைப்பதில்லை. இனிப்பு பெரும்பாலும் பயறு விழுதும் அரிசி மாவும் கடற்பாசிக் கூழும் சேர்ந்தது. முட்டை சேர்ந்த வகைகளும் உண்டு என்பதால் முன்பே சொல்லிவையுங்கள். தேநீரில் சர்க்கரை இருக்காது. அம்மாவின் கணக்கில் வருவது அந்த ஒரு இனிப்பு மட்டும்.

கெய்ஷா பற்றிக் கேட்டிருந்தீர்கள். கியோட்டோவில் இந்த ஆடல்பாடல் கலைஞர்களை கெய்கோ என்பார்கள். பயிற்சியில் இருப்பவர் மைகோ. அவர்கள் கலை நிகழ்த்தும் ஒசாயா இல்லங்கள், தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் புதியவரைச் சேர்ப்பதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர்களுடைய நடனத்தை மேடையில் பார்க்கலாம். மே மாதத்தில் பொன்தோச்சோ பகுதியின் அரங்கில் 'கமோகாவா ஓதோரி' நடக்கும். அந்த ஆண்டின் கடைசித் தேதியைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். கியோன் பகுதியில் தெருவில் போகிறவரைப் பின்தொடர்ந்து படமெடுக்க வேண்டாம். அங்குள்ள தனியார் சந்துகளில் நுழையத் தடை விதித்து 10,000 யென் அபராதப் பலகை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்களை வழிமறித்த சுற்றுலாப் பயணிகளால் வந்த நிலை அது.

சைவம்: கண்ணுக்குத் தெரியாத மீன்

பயணத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். மறைக்க விரும்பவில்லை. ஜப்பானியச் சமையலின் அடிநீர் 'தாஷி'. பெரும்பாலும் உலர்ந்து செதுக்கிய கட்சுவோ மீனில் எடுப்பது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் சாறு, வறுத்த தோஃபுவின் குழம்பு, காய்கறித் தெம்புராவுக்கான தொட்டுக்கொள்ளும் நீர், வேகவைத்த கீரை, எல்லாவற்றிலும் அது இருக்கும். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் துண்டாகத் தெரியும் இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. நம் ஊரில் பெருங்காயத்தைத் தனிப்பொருளாக யாரும் நினைக்காதது போல, அவர்களுக்கு அந்த நீர் ஒரு பொருளாகவே படாது.

கிளம்புமுன் அம்மாவோடு பேசி ஒரு முடிவெடுங்கள்: மீன் நீர் கூடவே கூடாதா, தெரியாமல் கலந்தால் மனம் பொறுக்குமா? கூடாது என்றால், ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். இறைச்சி, மீன், சிப்பி, முட்டை, கட்சுவோ தாஷி, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் உண்பதில்லை. பால், 'கொம்பு' எனும் கடற்பாசியின் நீர், ஷிடாகே காளான் நீர் உண்போம் என இரண்டு பட்டியலும் அதில் இருக்கட்டும். உண்ணக்கூடியதை எழுதினால்தான் சமையல்காரருக்கு வழி தெரியும். 'அலர்ஜி' என்று பொய் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் பல கடைகள் பொறுப்பேற்க அஞ்சி, உங்களை உட்காரவே விடாமல் திருப்பி அனுப்பிவிடும்.

மடத்துச் சமையல் இதற்கு நேர்மாறு. 'ஷோஜின்' எனப்படும் அதில் இறைச்சி, மீன், முட்டை இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட மரபில் விலக்கு. எள்ளும் கிழங்கு மாவும் சேர்த்துக் கிளறிய எள் தோஃபு, அந்த மலையின் பெயரையே தாங்கும் உறைந்துலர்ந்த கோயா-தோஃபு, மலைக்கீரைகள் எல்லாம் வரும். கியோட்டோவிலும் சில கோயில் வளாகங்களில் மதிய உணவாகக் கிடைக்கும், முன்பதிவு தேவை. அம்மா கவலையில்லாமல் உண்ணும் ஜப்பானியச் சாப்பாடு இதுவே, ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது அமையுங்கள்.

மற்ற வேளைகளுக்கு: டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே 'டீஸ் தான்தான்' என்ற முழுச் சைவ ராமென் கடை உண்டு. 'கொன்பினி' எனும் இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் வெறும் உப்பு சேர்த்த சோற்று உருண்டை, வெள்ளரிக்காய்ச் சுருள், பழம், தயிர், பாக்கெட்டில் வெந்த வெள்ளைச் சோறு கிடைக்கும். ஊறிய உமே பழ உருண்டையில்கூடச் சில கம்பெனிகள் மீன் தூள் சேர்க்கின்றன. லேபிளைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். அறையில் மின்கெட்டில் பெரும்பாலும் இருக்கும். அவல் உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, முத்திரையிட்ட ஊறுகாய் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதுவும் பெட்டியில் வேண்டாம். தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் பறிமுதலாகும்.

மலை மடத்தில் ஓர் இரவு

கோயாசான், கூகாய் என்ற துறவி 816-இல் நிறுவிய, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் மையம். நூற்றுக்கு மேற்பட்ட கோயில்களில் ஐம்பதளவு விருந்தினரைத் தங்கவைக்கின்றன. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 15,000 முதல் 20,000 யென் வரை எதிர்பாருங்கள். சில கோயில்களில் காலையில் 'கோமா' என்ற தீ வழிபாடு நடக்கும். பெயரைக் கேட்டதுமே புரியும்: நம் ஹோமம்தான், சமித்தும் மந்திரமும் கூட. அது நடக்கும் கோயிலைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள்: கட்டில் உள்ள அறை உண்டா அல்லது தரை மெத்தையா, மேற்கத்தியக் கழிப்பறை அறைக்குள் உண்டா, சாப்பிடவும் வழிபாட்டிலும் தாழ்நாற்காலி தருவார்களா. மாலை 5 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும். காலை வழிபாடு ஆறு, ஆறரைக்கு; அதன் பிறகே காலையுணவு. கிட்டத்தட்ட 13 மணி நேர இடைவெளி. இன்சுலின் போடும் அம்மாவுக்கு இது சர்க்கரை தாழும் நேரம். அந்த இரவின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். தலையணைப் பக்கம் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும். மலை 800 மீட்டருக்கு மேல், மே மாத இரவிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

ஒசாகா நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் கொகுராகுபாஷி, அங்கிருந்து கேபிள் ரயில், மேலே பேருந்து. கேபிள் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் நடக்க அனுமதி இல்லை, பேருந்தில்தான் ஏற வேண்டும். மறுநாள் காலை ஒகுனோ-இன் கல்லறைக் காட்டுக்குப் போங்கள். கூகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி அவருக்கு நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் உணவுப் பெட்டியைத் துறவிகள் சுமந்து செல்வார்கள். 10.30-ஐப் பார்க்கலாம். கடைசிப் பாலத்தைத் தாண்டியபின் படமெடுக்கக் கூடாது. முழுப் பாதையும் நடக்க அம்மாவால் முடியாது என்றால் 'ஒகுனோ-இன்-மாயே' நிறுத்தத்தில் இறங்கினால் தூரம் பாதியாகக் குறையும்.

பாஸ், பெட்டி, பணம்

ரயில் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. உங்கள் புதிய திட்டத்தில் நெடுந்தூர ரயில் ஒன்றே ஒன்று: டோக்கியோ–கியோட்டோ நொசோமி அதிவேக ரயில், முன்பதிவு இருக்கையோடு ஆளுக்கு 14,000 யென் சொச்சம். இருவருக்கும் பாஸ் எடுத்தால் ஒரு லட்சம் யென். டிக்கெட் எடுத்தால் முப்பதாயிரத்துக்குள். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலே 40,000 யென் அளவுதான் ஆகும் என்றால், ஏஜென்டின் பழைய திட்டத்திலும் பாஸ் நஷ்டமே. வலப்பக்க 'ஈ' இருக்கை எடுங்கள், வானம் தெளிந்தால் ஃபூஜி மலை தெரியும். நகரப் பயணத்துக்கு பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுய்கா அல்லது இகோகா அட்டை போதும்.

பெட்டிகளைச் சுமக்க வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் 'தக்யூபின்' என்று சொன்னால் பெட்டி மறுநாள் அடுத்த ஹோட்டலுக்குப் போய்ச் சேரும். ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000–3,500 யென். 16-ஆம் தேதி காலை டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, 22 அல்லது 23-இல் கியோட்டோவிலிருந்து நேரே ஒசாகாவுக்கு. மலைக்கு ஒரு தோள்பை போதும். இன்சுலின், மாத்திரை, பாஸ்போர்ட் எப்போதும் அந்தத் தோள்பையில்.

யென்னுக்கு 60 பைசா என்று வைத்தால், விமானம் தவிர்த்து இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சம் யென், அதாவது மூன்று லட்சம் ரூபாயில் இந்தத் திட்டம் நிற்கும். நடுத்தர ஹோட்டல், ஒரு நாள் வழிகாட்டி, தனித் தேநீர் வகுப்பு எல்லாம் சேர்த்து.

விசாவும் மருந்தும்

சுற்றுலா விசாவுக்கு விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைய வேண்டும் என்பதால் ஜனவரியில் அவசரப்பட வேண்டாம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் கொடுங்கள்.  விண்ணப்பத்தில் தரும் நாள்வாரிப் பயண அட்டவணையும் ஹோட்டல் முகவரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மடத்து முகவரியையும் விடாதீர்கள். மின்விசா கிடைத்தால் அதை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு திரையில் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டும் அச்சுப் பிரதியும் செல்லாது.

ஒரு மாத அளவுக்குள் உள்ள மாத்திரையும் இன்சுலின் பேனாவும் சிறப்பு அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று பெற வேண்டும். மருந்தின் பொதுப்பெயரோடு ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதம் வையுங்கள். சளிக்கு, இருமலுக்கு என்று வீட்டிலிருந்து எடுத்துப் போடும் மருந்துகளைக் கவனியுங்கள்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேலோ கோடீன் 1 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் முன் அனுமதி இல்லாமல் அங்கே தடை.

கட்டிய முன்பணம்

ஏஜென்டோடு சண்டைக்குப் போகுமுன் ரசீதையும் ரத்து விதிகளையும் எடுத்துப் படியுங்கள். அவர் இதுவரை எதைப் பதிவு செய்திருக்கிறார், எந்தக் கட்டணம் உண்மையிலேயே திரும்பாது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு பின்னால் உதவாது. எதுவும் பதிவாகாத நிலையில் முழுத் தொகையையும் வைத்துக்கொள்வேன் என்றால், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றது என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், அதன் பிறகே நுகர்வோர் ஆணையம்.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. தொகுப்பை ரத்து செய்து, விமான டிக்கெட்டையும் விசா வேலையையும் மட்டும் அதே ஏஜென்டிடம் கொடுத்து, 50,000 ரூபாயை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். தொகுப்புக்காக டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வரி) ஏதும் பிடித்திருந்தால் அது வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளக்கூடியது. சான்றிதழை வாங்கி வையுங்கள். அவர் பதில் வரும்வரை காத்திருக்காமல் கோயாசான் மடத்துக்கும் தேநீர் ஆசிரியருக்கும் இந்த வாரமே எழுதுங்கள். மே 23 சனிக்கிழமையாக அமையும் ஆண்டானால் மடத்து அறைகள் முதலில் தீரும். அப்போது கியோட்டோவில் ஓர் இரவு குறைத்து மலையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, மிச்சமாகும் இரவை ஒசாகாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.